முற்றத்து நாய்களும் மூப்பும்: அந்தமான் வீடுகளை முன்வைத்து

கேள்வி

ஒரே வீட்டில் வளரும் இரண்டு மூன்று நாய்களைக் காட்டி, "இதுதான் மூத்தது, மற்றதெல்லாம் இதுக்கு அடங்கித்தான் போகும்" என்று வீட்டார் சொல்வதை எங்கும் கேட்கலாம். எந்த நாய் முதலில் தட்டில் வாய் வைக்கிறது, எது வாசற்படியில் படுக்கிறது, எதன் உறுமலுக்கு மற்றவை ஒதுங்குகின்றன என்று நாள்தோறும் பார்த்துப் பார்த்து உருவான தீர்ப்பு அது. பெரும்பாலும் தவறாகவும் இருப்பதில்லை. ஆனால் அதே நாய்கள் மாலையில் முற்றத்தில் இறங்கி விளையாடத் தொடங்கினால் காட்சி மாறிவிடுகிறது. மூத்தது மல்லாந்து கிடக்கிறது. ஆறு மாதக் குட்டி அதன் கழுத்தைக் கவ்வி இழுக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துச் சோறு வைத்தால் அந்தக் குட்டியே வாலைக் கவட்டில் இடுக்கிக்கொண்டு தள்ளி நிற்கிறது.

இந்த முரணை எப்படிப் புரிந்துகொள்வது? விளையாடும்போது மூப்பு சற்று நேரம் ரத்தாகிறது என்பது ஒரு விளக்கம். மூப்புக்கான போட்டிதான் விளையாட்டு வேடத்தில் நடக்கிறது என்பது இன்னொன்று. இரண்டுமே போதாதவை என்று நான் கருதுகிறேன். அதை நிறுவ அந்தமான் நிகோபார் தீவுகளை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நாய்களின் படிநிலை பற்றி நம்மிடம் உள்ள அறிவில் பெரும்பகுதி, வேலியிட்ட வீடுகளும் காப்பகங்களும் உள்ள நாடுகளிலிருந்து வந்தது. அந்தமானில் நாய் வந்த காலமும் தெரியும், வந்த விதமும் தெரியும். ஆனால் 'வீடு' எங்கே முடிகிறது என்பதுதான் அவ்வளவு தெளிவாக இல்லை. இறக்குமதியான கருத்துகளை உரசிப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

நாய் வந்த ஆண்டு

தமிழ்நாட்டில் மனிதரும் நாயும் எப்போது கூடி வாழத் தொடங்கினர் என்று ஆண்டு குறித்துச் சொல்ல முடியாது. பெரிய அந்தமானில் முடியும். 1789இல் தொடங்கிய ஆங்கிலேயரின் முதல் குடியேற்றம் நோய்க்கும் மழைக்கும் தாக்குப்பிடிக்காமல் 1796இல் கைவிடப்பட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பின், 1858 மார்ச்சில் ஜே. பி. வாக்கர் இருநூறு கைதிகளுடன் போர்ட் பிளேரில் இறங்கினார். அந்தத் தண்டனைக் குடியேற்றத்தோடு வந்த நாய்கள்தாம் தீவில் நிலைத்தன. அதுவரை அந்தமான் பழங்குடியினர் வில்லும் அம்புமாக, நாயின் துணையின்றியே காட்டுப்பன்றி வேட்டையாடி வந்தவர்கள்.

மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1906 முதல் 1908 வரை அங்கே களப்பணி செய்தபோது இந்த உறவுக்கு வயது அரை நூற்றாண்டுகூட நிறையவில்லை. அதற்குள் நாய் பன்றி வேட்டையின் பகுதியாகிவிட்டிருந்தது. சின்ன அந்தமானில் வாழும் ஓங்கேக்களிடையே 1950களில் தங்கி ஆராய்ந்த இத்தாலியர் லிடியோ சிப்ரியானி, அவர்களது வேட்டையில் நாய்க்கு இருந்த இடத்தைப் பதிவு செய்திருக்கிறார். மறுபுறம், வெளியாரோடு உறவைத் தவிர்த்து வந்த ஜாரவாக்கள் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் நாயில்லாமலே அதே பன்றியை வேட்டையாடினார்கள். பக்கத்துப் பக்கத்துக் காடுகள், ஒரே இரை, இரண்டு முறைகள்.

படிநிலை பற்றிய விவாதத்துக்கு இந்த வரலாறு ஏன் முக்கியம்? தீவுக்கு வந்த நாய்கள் ஒரு காட்டுக் கூட்டமாக வரவில்லை. சிப்பாய், அதிகாரி, குடியேறியவர் என யாரோ ஒருவரின் உடைமையாகக் கப்பலில் ஏறி வந்தவை. ஒன்றையொன்று முதன்முதலாகச் சந்தித்ததே மனிதர் ஏற்படுத்திய இடங்களில்தான்: பாசறை, வீட்டுத் திண்ணை, வேட்டைக் குடில். வேட்டையில் முன்னால் ஓடிப் பன்றியை வளைக்கும் நாய்க்கு இறைச்சியில் முதல் பங்கு தானாகக் கிடைத்துவிடாது; அறுத்துப் பங்கிடுவது மனிதர் கை. 'ஓட்டத்தில் முதல்' என்பதும் 'உணவில் முதல்' என்பதும் இங்கே தொடக்கத்திலிருந்தே இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. நாய்களின் மூப்பை ஒற்றை ஏணியாகக் கற்பனை செய்பவர்கள் இந்தப் பிரிவைக் கவனிப்பதில்லை.

1947க்குப் பின் கிழக்கு வங்க அகதிகள் வந்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் வந்தார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தையடுத்துத் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் சிலர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். ஒவ்வொரு மக்களும் நாய் வளர்க்கும் தத்தம் வழக்கத்தையும் கூடவே கொண்டு வந்தனர். கட்டிப்போட்டு வளர்ப்பவர் குறைவு. கமுகந்தோட்டம் காவலுக்கு, கோழிக்கூடு காவலுக்கு என அவிழ்த்துவிட்டு வளர்ப்பதே பெருவழக்கு.

'தலைமை நாய்' என்ற கருத்தின் பயணம்

விலங்குகளிடையே படிநிலை என்ற கருத்து கோழிக்கூட்டில் பிறந்தது. எந்தக் கோழி எதைக் கொத்தலாம் என்பதில் ஓர் ஒழுங்கு இருப்பதை நார்வே நாட்டவரான ஷெல்டெருப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் விவரித்தார். ருடால்ஃப் ஷெங்கல் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிச் சாலையில் ஓநாய்களைக் கவனித்து 1947இல் வெளியிட்ட ஆய்வு, கூட்டத்தின் உச்சியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் போட்டியிட்டு இடம்பிடிப்பதாகச் சொன்னது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய ஓநாய் பற்றிய நூல் அக்கருத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. நாய் ஓநாயின் வழித்தோன்றல்தானே என்ற ஒரே தாவலில் அது வீட்டு நாய்க்கும் வந்து சேர்ந்தது. 'நாய்க்கு நீ தலைவனாக இரு' என்று போதிக்கும் பயிற்சி நூல்கள் பெருகின.

அடித்தளத்தை ஆட்டியவரும் மெக்தான். கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் பின்தொடர்ந்த அவர், 1999இல் எழுதிய கட்டுரையில் இயல்பான ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம் என்றார். அப்பனும் ஆத்தாளும் முன்னே, பிள்ளைகள் பின்னே. உச்சி இடத்துக்கான ஓயாத போட்டி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஓநாய்களைக் கூண்டில் சேர்த்து அடைத்ததன் விளைவு. தன் பழைய நூலை நிறுத்திவிடும்படி பதிப்பாளரிடம் அவர் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார். 2022இல்தான் அது நின்றது.

வீட்டு நாய்களைப் பொறுத்தவரை ஊசல் மறுகோடிக்குப் போனது. ஜான் பிராட்ஷா, எமிலி பிளாக்வெல், ரேச்சல் கேசி ஆகிய பிரிட்டன் ஆய்வாளர்கள் 2009இல், காப்பகமொன்றில் கட்டின்றி ஒன்றாகத் திரிந்த 19 ஆண் நாய்களின் நடத்தையை அலசினர். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தும் படிநிலை எதுவும் தென்படவில்லை. இணைக்கு இணை உறவு மாறியது. முன்பு நடந்ததை நினைவில் வைத்து, இந்த நாயோடு இந்தப் பொருளுக்காக மல்லுக்கட்டுவது வீண் என்று ஒவ்வொரு நாயும் கற்றுக்கொள்கிறது. அந்தக் கற்றலே படிநிலைபோலத் தோற்றமளிக்கிறது என்பது அவர்களின் வாதம்.

ஆனால் அடுத்த ஆண்டே சிமோனா கஃபாசோவும் உடனாய்வாளர்களும் ரோம் நகரின் புறத்தே சுதந்திரமாகத் திரிந்த நாய்க்கூட்டம் ஒன்றில் தெளிவான வரிசையைக் காட்டினார்கள். வளர்ந்தவை இளையவற்றுக்கு மேல், ஒத்த வயதில் ஆண் பெண்ணுக்கு மேல். சண்டையைவிட, தானாக முன்வந்து அடங்கிக் காட்டும் சைகைகளில்தான் அந்த வரிசை துல்லியமாகத் தெரிந்தது: தாழ்ந்த உடல், குழையும் வால், மற்றதன் முகவாயை நக்குவது. ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட்புருன் ஓநாய் ஆய்வு மையத்தில் ஃபிரீடரிக்கே ரேங்கே குழுவினர் 2015இல் வெளியிட்ட சோதனை மேலும் வியப்பளிக்கிறது. ஒரே உணவை இரண்டு விலங்குகளுக்கு வைத்தபோது, தாழ்நிலை ஓநாய் தன் பங்குக்காக எதிர்த்து நின்றது. தாழ்நிலை நாய் கிட்டே நெருங்கவேயில்லை. ஓநாய் கொடியது, நாய் சாது என்று நாம் வைத்திருக்கும் படம் உணவின் முன்னே தலைகீழாகிறது.

இந்த முடிவுகள் ஒன்றையொன்று மறுப்பதாகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காப்பக நாய்கள் அந்நியர்கள். நாளைக்கு யார் இருப்பார், யார் போவார் என்பது தெரியாது. ரோம் நாய்கள் தலைமுறை கடந்து சேர்ந்து வாழ்பவை. சேர்ந்து வாழ்ந்த காலம், பங்கிட வேண்டிய பொருள், விலகிப்போக இடம் ஆகிய இவற்றைப் பொறுத்துப் படிநிலை இறுகவும் இளகவும் செய்கிறது.

விளையாட்டில் யார் மேலே?

வீட்டு முற்றத்து ஆட்டம் ஒன்றைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். வயது முதிர்ந்த பெட்டை ஒன்று, பல் முளைத்த துடுக்கான இளங்கடுவன் ஒன்று. மழை விட்ட நேரம். கடுவன் முன்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, ஒரு கணம் உறைந்து நிற்கிறது. பெட்டை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கடுவன் அந்தச் சைகையை மறுபடி செய்வதில்லை. சுற்றிவந்து அதன் இடுப்பில் மூக்கால் இடிக்கிறது. பெட்டை திரும்பிப் பார்த்த பிறகே மீண்டும் தாழ்கிறது. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் படச்சுருள்களைக் கணம் கணமாக அலசி நிறுவியது இதைத்தான்: கண்ணுக்கான அழைப்பு, பார்க்கும் துணைக்கு மட்டுமே விடுக்கப்படுகிறது, பாராமுகமாக இருந்தால் முதலில் தொட்டோ இடித்தோ கவனத்தை ஈர்க்க வேண்டும். தன் விருப்பம் மட்டும் போதாது, எதிராளியின் கவனமும் வேண்டும் என்பதை நாய் கணக்கில் கொள்கிறது.

அழைப்பு தொடக்கத்தில் மட்டும் வருவதில்லை. ஆட்டம் சூடேறி, கவ்விய வாய் தலையை உலுக்கத் தொடங்கும் வேளையில், அந்த உலுக்கலுக்குச் சற்று முன்போ பின்போ முன்கால்கள் மீண்டும் தாழ்கின்றன. மார்க் பெக்காஃப் 1995இல் இதைச் சுட்டிக்காட்டினார். உலுக்குவது இரையைக் கொல்லும் செயலின் சாயல்; தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால் சண்டை மூளும்; ஆகவே 'இது விளையாட்டுத்தான்' என்ற உறுதி அங்கே தேவைப்படுகிறது. சாரா-எலிசபெத் பியோசியர், பார்பரா ஸ்மட்ஸ் முதலியோர் 2016இல் வளர்ந்த நாய்களில் கண்டது சற்று வேறு: தடைப்பட்ட ஆட்டத்தை மறுபடி தொடங்கவே அச்சைகை பெரிதும் பயன்படுகிறது. வளர்ந்த இணைகள் ஒன்றையொன்று முன்பே அறிந்தவை. அவற்றுக்கு உறுதிமொழியைவிடத் தொடர்ச்சி முக்கியமாக இருக்கலாம்.

இப்போது மைய வினாவுக்கு வருவோம். விளையாட்டு நிலைக்க வேண்டுமானால் இருவரும் பாதிக்குப் பாதி வென்றாக வேண்டும் என்றொரு கருத்து நெடுங்காலம் இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எரிக்கா பாயரும் பார்பரா ஸ்மட்ஸும் 2007இல் அதை நாய்களிடம் சோதித்தனர். பாதிக்குப் பாதி என்பது தேறவில்லை. மேலிடத்தில் இருப்பது பெரும்பாலும் மூத்த அல்லது உயர்நிலை நாயே. துரத்துவதிலும் வீழ்த்துவதிலும் இடமாற்றம் நடந்தது: துரத்தியது துரத்தப்பட்டது, வீழ்த்தியது வீழ்ந்தது. மேலேறுவதிலும், முகவாயைக் கவ்வுவதிலும், முகவாயை நக்குவதிலும் இடமாற்றம் ஒருமுறைகூட நடக்கவில்லை.

இந்த முடிவை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். விளையாட்டு மூப்பை ரத்து செய்கிறது என்பாருக்கு இது மறுப்பு. ஆட்டத்தின் உச்சத்திலும் சில சைகைகள் ஒரு திசையில் மட்டுமே ஓடுகின்றன. விளையாட்டு என்பது மாறுவேடமிட்ட அதிகாரப் போட்டி என்பாருக்கும் மறுப்பே. போட்டி என்றால் துரத்தலிலும் வீழ்த்தலிலும் மூத்தது ஏன் தானாக விட்டுக்கொடுக்க வேண்டும்? ஒரே ஆட்டத்துக்குள் மாற்றிக்கொள்ளத்தக்கவை, மாற்றிக்கொள்ளத் தகாதவை என இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. முற்றத்தில் மல்லாந்து கிடக்கும் மூத்த பெட்டை கீழ்ப்பட்டுவிட்டதாக நினைக்கும் வீட்டார் முதல் அடுக்கை மட்டும் பார்க்கிறார்கள். குட்டி எழுந்து அதன் முகவாயை நக்கும் அரைக் கணத்தில் இரண்டாம் அடுக்கு வெளிப்படுகிறது.

விட்டுக்கொடுத்து ஆடுவதற்கு ஒரு பயன் இருக்கிறது. மாரெக் ஷ்பிங்கா, ரூத் நியூபெரி, பெக்காஃப் மூவரும் 2001இல் முன்வைத்த கருத்துப்படி, விளையாடும் விலங்கு வேண்டுமென்றே தன்னைச் சமநிலை குலைந்த நிலைக்குள் தள்ளிக்கொள்கிறது. எதிர்பாராததைச் சமாளிக்க அது பயிற்சி. கமில் வார்டும் குழுவினரும் 2008இல் ஓர் ஈற்றுக் குட்டிகளைக் கவனித்தபோது, கடுவன் குட்டிகள் பெட்டைக் குட்டிகளோடு ஆடுகையில் தம்மைத் தாமே பலவீனமான நிலையில் வைத்துக்கொண்டன. பேரனோடு பல்லாங்குழி ஆடும் பாட்டி காய்களை விட்டுவைப்பதுபோல, ஆட்டம் தொடர வேண்டும் என்பதே அங்கே முதன்மை. வலிமையுள்ள நாய்க்கு மூப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது, துணைதான் வேண்டும். தன் மேன்மையில் ஒரு பங்கைச் செலவிட்டு அது துணையைத் தக்கவைக்கிறது. செலவிடாத நாயோடு அடுத்த மாலை யாரும் ஆட வரமாட்டார்கள்.

வீடு எங்கே முடிகிறது?

மேற்சொன்ன ஆய்வுகளில் பல, சுவரும் வேலியும் உள்ள இடங்களில் நடந்தவை. அந்தமான் வீட்டு நாய்க்கு அந்த எல்லை இல்லை. போர்ட் பிளேரின் ஜங்லிகாட் மீன் இறங்குதுறையை ஒட்டிய குடியிருப்புகளில், காலையில் ஒரு வீட்டில் மிச்சச் சோறு தின்ற நாய் நண்பகலில் மீன் குடலுக்காகத் துறைக்குப் போகிறது. இரவில் வேறு திண்ணையில் படுக்கிறது. அது யார் வீட்டு நாய்? ஒன்றாக வாழும் நாய்கள் என்று யாரை எண்ணுவது?

இதற்கு ரோமையோ மிச்சிகனையோ விட வங்கம் நெருக்கமான வழிகாட்டி. கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா நடத்தும் ஆய்வகம், சுதந்திரமாகத் திரியும் நாய்கள் இரை தேடும்போது பெரும்பாலும் தனித்தே போகின்றன என்றும், குட்டி வளர்ப்பில் மட்டும் கூடுகின்றன என்றும் காட்டியிருக்கிறது. மானபி பாலும் பத்ராவும் 2018இல் எழுதிய கட்டுரை, இந்தக் கூட்டங்களை இந்தியக் கூட்டுக் குடும்பத்தோடு ஒப்பிட்டே தலைப்பிடப்பட்டது. தாயைத் தவிர வேறு பெட்டைகளும், தகப்பனாகக் கருதத்தக்க கடுவன்களும் குட்டிகளைப் பார்த்துக்கொண்டன. கடுவன்களின் பங்கு பெரிதும் காவலும் விளையாட்டுமாக இருந்தது. உணவில் வரிசையை நிலைநாட்டும் வளர்ந்த கடுவனே, குட்டியோடு புரண்டு ஆடுவதில் நேரத்தைச் செலவிடுகிறது.

நிகோபாரில் இந்த ஒப்புமை இன்னும் ஆழமாகிறது. கார் நிகோபாரில் நிலமும் தென்னையும் பன்றியும் 'துஹெத்' எனப்படும் கூட்டுக் குடும்பத்துக்கு உரியவை. பல குடில்கள், ஒரு பொது வெளி. நாய்களும் பன்றிகளும் கோழிகளும் அங்கேதான் திரிகின்றன. அத்தகைய இடத்தில் நாய்க்கும் நாய்க்குமான உறவில் 'உடையவர் வீடு' என்ற பகுப்பு பொருளிழக்கிறது. எந்த வெளியில் சேர்ந்து உண்டன, எந்த வெளியில் சேர்ந்து விளையாடின என்பதே குழுவை வரையறுக்க வேண்டும்.

இன்னொரு தனித்தன்மையும் உண்டு. இந்தியாவில் வெறிநாய்க்கடி நோய் இல்லாத பகுதிகளாக நெடுங்காலமாகக் குறிப்பிடப்படுபவை அந்தமான் நிகோபாரும் லட்சத்தீவும். பெருநிலத்தில் குட்டி விளையாட்டாகக் கவ்வினாலும் நெஞ்சு படபடக்கும். நாய்களைப் பிரித்துக் கட்டிப்போடுவதற்கு அந்த அச்சமும் ஒரு காரணம். தீவில் நாய்களுக்கிடையிலான முரட்டு ஆட்டம் குறுக்கிடப்படாமல் நீள்வதற்கு இந்த அச்சமின்மை இடங்கொடுக்கிறது என்பது என் கணிப்பு.

திறந்த வீட்டின் விலையைக் கடற்கரைகள் கொடுக்கின்றன. ரங்கத்துக்கு அருகிலுள்ள கத்பர்ட் விரிகுடாவிலும் வடக்கே திக்லிப்பூர்ப் பக்கத்துக் காலிப்பூரிலும் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் குழிகளை நாய்கள் தோண்டித் தின்கின்றன; வனத்துறை முட்டைகளைப் பொரிப்பகங்களுக்கு மாற்றிக் காப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தோண்டும் நாய்களை எல்லாம் 'காட்டு நாய்கள்' என்று ஒதுக்கிவிடுவது எளிது. பகலில் முற்றத்தில் ஆடும் இளநாய்கள்தாம் இரவில் ஒன்றாக மணலுக்குப் போகின்றனவா என்று கேட்பதே பயனுள்ளது. சேர்ந்து விளையாடும் இணைகளே சேர்ந்து அலையவும் வாய்ப்பு அதிகம் என்பதால், கடற்கரையில் நாயைப் பிடிப்பதோடு நில்லாமல் பக்கத்துக் குடியிருப்புகளில் எந்த நாய்கள் கூடி ஆடுகின்றன என்று கவனிப்பதும் ஆமைப் பாதுகாப்பின் வேலையாக வேண்டும்.

சண்டை மூளும் இடம்

வீட்டு நாய்களுக்குள் சண்டை வந்தால், 'மூத்தது எது என்று கண்டறிந்து அதற்கே முதலில் சோறு வை, அதையே முதலில் தடவிக்கொடு' என்ற அறிவுரை இன்றும் வழங்குகிறது. அமெரிக்காவில் ஒரே வீட்டில் சண்டையிட்ட 38 நாய் இணைகளைப் பற்றி 2011இல் வெளிவந்த மருத்துவ ஆய்வைப் பார்த்தால் அதன் ஆபத்து தெரியும். பெரும்பாலான இணைகள் ஒரே பாலினம்; பெட்டைகள் அதிகம். சண்டையைத் தொடங்கியது பெரும்பாலும் பின்னால் வந்த, வயதில் இளைய நாய். தூண்டியவை உடையவரின் கவனிப்பு, உணவு, பரபரப்பு, கீழே கிடந்து கிடைத்த பொருள்கள். இவற்றில் உணவும் கவனிப்பும் நேரடியாக மனிதர் கையில் இருப்பவை. நாய்களின் மூப்பு என்று நாம் பெயரிடுவதில் ஒரு பெரும்பங்கு, நாம் எதை எங்கே வைக்கிறோம் என்பதன் விளைவு.

புடாபெஸ்டைச் சேர்ந்த எனிகோ குபினியும் லிசா வாலிஸும் 2019இல், பல நாய் வளர்ப்போரிடம் கேட்டறிந்து, வீட்டார் 'மேல்' என்று சொல்லும் நாய் உண்மையிலேயே வாயை நக்குவது குறைவு, முன்னே நடப்பது அதிகம் என்று காட்டினர். வீட்டாரின் கண் நம்பத்தக்கது. நம்பத்தகாதது, அந்தக் கணிப்பிலிருந்து 'மேலதற்கு முன்னுரிமை கொடு' என்ற விதிக்குத் தாவுவது. அப்படித் தாவும் வீட்டில் இளையது ஒவ்வொரு வேளையும் தட்டை எட்டி நின்று பார்த்துக் கற்கிறது. எர்ன்ஸ்ட்புருனில் தாழ்நிலை நாய்கள் கற்றிருந்த அதே விலகல்.

அந்தமான் வீடுகளில் இது பெரும்பாலும் மாலையில் மீன் கழுவும் கல்லருகே நடக்கும். ஒரே இடத்தில் எறியப்படும் தலையும் குடலும், சுற்றி நிற்கும் மூன்று நாய்கள். எறிவதை நிறுத்தி, ஒன்றுக்கொன்று பார்வை படாத தூரத்தில் தனித்தனியாக வைத்தால் அந்தச் சண்டைக்கான பொருளே இல்லாமல் போகிறது. மூப்பை யாரும் தீர்த்துவைக்கவும் வேண்டியதில்லை. முற்றத்து ஆட்டத்தை மட்டும் குறுக்கிடாமல் விடலாம். உறுமலும் பல்லும் மல்லாந்து கிடப்பதும் அங்கே அச்சமூட்டுவன அல்ல. பார்க்க வேண்டியவை சில. துரத்துவது இடம் மாறுகிறதா? இடையிடையே நின்று மூச்சுவாங்குகின்றனவா? கீழே கிடப்பது எழுந்து விலக வழி இருக்கிறதா? விலகிய நாய் தானாகத் திரும்பி வந்தால் ஆட்டம் ஆட்டமாகவே இருக்கிறது. திரும்பி வராமல் கட்டிலுக்கு அடியிலோ திண்ணைக்குக் கீழோ போய்ப் பதுங்கினால், அன்றைக்கே இரண்டையும் பிரித்துவைக்க வேண்டும்.